தடம் இருபத்தேழு

எட்டு சதவீதத்துக்கு மேல் ரொட்டி திரும்பினால் சிவப்பு.
ஐந்திலிருந்து எட்டு வரை மஞ்சள்.
அதற்குக் கீழே பச்சை.
இந்த மூன்று விதியையும் எழுதி முடிக்க
ஒரு தேநீர் ஆறும் நேரம் போதுமாயிருந்தது.
முதலில் ஏழரை என்றுதான் போட்டேன்.
வேண்டாம்,
ஓட்டுநர்களுக்கு ஏற்கெனவே பிடித்திருப்பது போதும் என்று
எட்டாக்கினேன்.
ஏன் எட்டு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

டர்பனுக்குத் தெற்கே மொபெனியில்
ரொட்டி ஆலையின் இரண்டாம் மாடி.
எனக்கு முன்பே ஈஸ்ட் வாசனை வேலைக்கு வந்திருக்கும்.
நாற்பத்தொரு தடம், நாற்பத்தொரு வரிசை:
சாட்ஸ்வொர்த், ஐசிபிங்கோ, வெருலம், உம்லாசி…
ஊர்களை நான் அட்டவணையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

விதிகளுக்குள் மேல் கீழ் உண்டு.
மேலே இருப்பது முதலில் பேசும்.
அது ஆம் என்றுவிட்டால்
கீழே இருப்பவற்றுக்கு வாயில்லை.
(எங்கள் அலுவலகத்தைப் பார்த்துச் செய்த மென்பொருளோ
என்று தோன்றும்.)

சிவப்பு விழுந்தவர்கள் திங்கட்கிழமை மாடியேறி வருவார்கள்,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.
பள்ளிக்கூடம் லீவு, மேடம்.
பக்கத்திலேயே புதுக்கடை வந்துவிட்டது, மேடம்.
கடைக்காரரின் அம்மா இறந்துவிட்டார், கதவு பூட்டியிருந்தது.
நான் தலையாட்டுவேன்.
அதையெல்லாம் எழுத
என் அட்டவணையில் பத்தி கிடையாது.

அந்த ஏப்ரலில் மூன்று நாள் விடாத மழை.
நான்காம் நாள் திங்கள்.
அறிக்கையைத் திறந்தேன்.
மேலிருந்து கீழே ஒரே சிவப்பு.
எல்லாமே சிவப்பானால்
சிவப்புக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
நடுவில் ஒரே ஒரு கட்டம் மட்டும்
மழை குடித்த கரும்புத்தோகையின் பச்சையில்.

டெவன் படையாச்சி நாற்காலியை விட்டு எழுந்து வந்து
திரையைச் சுட்டுவிரலால் தொட்டார்.
"யார் இது? ஒரு ரொட்டிகூடத் திரும்பவில்லையே!
இவனைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும்."

தடம் 27. முசாவென்கோசி ங்குபானே.
ரொட்டி திரும்பவில்லை.
லாரியும் திரும்பவில்லை.
வெள்ளிக்கிழமையிலிருந்து அவனும்.

காலிக் கட்டம் வந்தால் என்ன செய்ய என்று
எப்போதோ ஒருநாள் மென்பொருள் என்னைக் கேட்டிருந்தது.
சுழியாக எடுத்துக்கொள் என்று
நான்தான் சொடுக்கியிருந்தேன்.
மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரம்.

படையாச்சி இன்னும் விரலை எடுக்கவில்லை.
கண்ணாடியில் பச்சையின் மேல்
ரேகை படிந்துகொண்டிருந்தது.
"சார், அது சுழி இல்லை" என்றேன்.
"பின்னே?"
"தெரியவில்லை."
இந்த வேலையில் ஒன்பது வருடமாகியும்
அந்தச் சொல்லை அறைக்குள் நான் சொன்னதில்லை.

புதன்கிழமை அவன் நடந்தே வந்தான்.
காலில் வேறு யாருடைய செருப்போ.
லாரி பாலத்துக்கு இந்தப் பக்கம், சேற்றில், கதவு வரைக்கும்.
அறுநூற்றுப் பன்னிரண்டு ரொட்டி
மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில்
இரண்டு இரவு.
"எண்ணித்தான் கொடுத்தேன், மேடம்" என்று
நனைந்து காய்ந்த சீட்டொன்றை நீட்டினான்.
பெயர்கள் இல்லை. ஐந்தைந்தாய்க் கோடுகள்.

திரும்பியது: சுழி. இப்போது அது உண்மை, பச்சை.
வசூல்: அதுவும் சுழி. சிவப்பு.
காரணம் என்ற பத்தியில்
நான் தேர்ந்தெடுக்க இருந்தவை மூன்று:
பூஞ்சை. நசுங்கல். கடைக்காரர் மறுப்பு.

எல்லா விதிகளுக்கும் மேலே
இன்னொன்றை எழுதினேன்:
காலி என்றால் சாம்பல் நிறம்,
அத்தோடு நில், கீழே போகாதே.

சேமித்தேன்.
பிறகு தடம் இருபத்தேழின் வரிசைக்குப் போய்
வசூலின் சுழியை அழித்தேன்.
காரணத்தையும் நிரப்பவில்லை.
படையாச்சி கேட்பார்.
கேட்கட்டும்.